ரூட் பியருக்கு எத்தனை மதிப்பெண்?

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த குளிர்பானத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்? "ஒன்பது" என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒன்பதை எது போட்டது? உங்கள் நாக்கா, மூக்கா, போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் பெயரா, அல்லது பக்கத்தில் இருக்கும் நண்பரா?

எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு சுவைச் சோதனை நடத்தினோம். எடுத்துக்கொண்ட பானம் ஏ அண்ட் டபிள்யூ ரூட் பியர். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் போத்தல்தான். ஒப்பிடுவதற்கு வேறொரு நிறுவனத்தின் சார்சி. ஆய்வுக்கூடத்தில் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது என்பதால் வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். 12 மாணவர்கள் அமர்ந்தார்கள். 13ஆம் ஆளாக நானும் அமர்ந்தேன்.

முதல் சுற்று முடியும் நேரத்தில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி தன் தாளில் எழுதியதை அழிப்பானால் அழித்துக்கொண்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். பத்துக்கு 3 என்று போட்டிருந்ததை 8 ஆக மாற்றப் போகிறாள். காரணம் கேட்டேன்.

"எல்லாரும் எட்டு, ஒன்பதுன்னு போட்டிருக்காங்க சார். எனக்கு மட்டும் கோடாலித் தைலம் மாதிரி வாசம் வருது. பாட்டி கால் வலிக்குத் தேய்ப்பாங்களே, அதையே குடிக்கிற மாதிரி இருக்கு."

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அடுத்த வாரமே அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காரில் இருந்தபடி ஒரு குவளை

சோதனைக்கு முன் பானத்தின் கதையைப் பார்த்துவிடுவோம். ரூட் பியர் என்றால் வேர்ப் பானம். பெயரில் பியர் இருந்தாலும் கடையில் விற்கும் இந்தப் பானத்தில் மது இல்லை. வட அமெரிக்காவில் முற்காலத்தில் வேர்களையும் பட்டைகளையும் கொதிக்கவைத்து, சர்க்கரையும் நொதியும் (ஈஸ்ட்) சேர்த்து வீட்டிலேயே இதைத் தயாரித்தார்கள். நொதி சர்க்கரையைத் தின்று வாயுவை வெளியிடும். பானம் பொங்கும். 1870களில் பிலடெல்பியா நகரின் மருந்துக் கடைக்காரர் சார்லஸ் ஹையர்ஸ் இதை வணிகப் பொருளாக்கினார்.

1919ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, கலிபோர்னியா மாநிலத்தின் லோடை என்ற ஊரில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக ஊர்வலம் நடந்தது. அன்று ராய் ஆலன் என்பவர் சாலையோரக் கடை போட்டு, குவளை ஐந்து காசுக்கு (சென்ட்) ரூட் பியர் விற்றார். 1922இல் ஃபிராங்க் ரைட் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். ஆலனின் முதல் எழுத்து 'ஏ', ரைட்டின் முதல் எழுத்து 'டபிள்யூ'. இப்படித்தான் ஏ அண்ட் டபிள்யூ என்ற பெயர் வந்தது.

அமெரிக்காவில் கார்கள் பெருகிய காலம் அது. வாடிக்கையாளர் காரைவிட்டு இறங்க வேண்டியதில்லை. பணியாளர் காருக்கே வந்து கேட்டு, தட்டில் குவளையைக் கொண்டுவந்து கொடுப்பார். இத்தகைய 'டிரைவ்-இன்' உணவகங்களால்தான் இந்தப் பானம் நாடெங்கும் பரவியது. உறைய வைத்த கனமான கண்ணாடிக் குவளை அதன் அடையாளம்.

நம் நாட்டுக்கு அந்தக் குவளை 1963இல் வந்தது. கோலாலம்பூரில் இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் எனப்படும் சாலையில் முதல் கடை திறக்கப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியிடம் பத்து ரோடு என்று சொன்னால் உடனே தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த டிரைவ்-இன் கடையைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கதை நிச்சயம் கிடைக்கும். அமெரிக்காவில் 1971இல் இந்தப் பானம் டின்னிலும் போத்தலிலும் அடைக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தது.

என் கதையும் உண்டு. சிறுவயதில் சம்பளம் வந்த வார இறுதியில் அப்பா எங்களை அங்கே அழைத்துப் போவார். அப்பாவுக்கு ஒரு குவளை, எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரு குவளை. குவளையின் வெளிப்புறப் பனியில் விரலால் பெயர் எழுதுவோம். அதனால் முதல் சுற்றில் நான் போத்தலைப் பார்த்தவுடனே மனத்துக்குள் 9 போட்டுவிட்டேன். இன்னும் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை!

ஐஸ் பெட்டியில் இருந்த தவறு

முதல் சுற்றின் முடிவு: ஏ அண்ட் டபிள்யூக்கு நான் 9, மற்ற சார்சிக்கு 4. பெரும்பாலான மாணவர்களும் அதே திசையில்தான் போட்டிருந்தார்கள். எண்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அதே மாணவி கையை உயர்த்தினாள்.

"சார், ஏ அண்ட் டபிள்யூவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தீங்க. இன்னொண்ணு மேசை மேலேயே இருந்துச்சு. அப்ப ரெண்டும் ஒரே வெப்பநிலை இல்லையே?"

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆறாம் ஆண்டிலேயே எழுதிப் பழகியிருப்பீர்கள். இங்கே பானத்தின் வகை தற்சார்பு மாறி. மதிப்பெண் சார்பு மாறி. வெப்பநிலை, அளவு, குவளை எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லித்தரும் நானே எனக்குப் பிடித்த போத்தலை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சார்பு நிலை என்பது பெரும்பாலும் வேண்டுமென்று வருவதில்லை.

இது எவ்வளவு பெரிய தவறு தெரியுமா? பானம் சுருக்கென்று இருப்பதற்குக் காரணம் அதில் கரைந்துள்ள கரிவளி, அதாவது கார்பன் டைஆக்சைடு. சாதாரண வளி அழுத்தத்தில் 0 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 3.3 கிராம் கரிவளி கரையும். 20 பாகையில் அது ஏறக்குறைய 1.7 கிராமாகக் குறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் இன்னும் குறையும். மேசை மேல் இருந்த சார்சியைத் திறந்தவுடன் வாயு வேகமாக ஓடிவிட்டது.

இனிப்பும் மாறும். நாவில் இனிப்பை உணரும் செல்கள் குளிரில் மந்தமாக வேலை செய்கின்றன. ஐஸ் குளிரில் பருகுவதற்கென்று தயாரித்த பானத்தை அறை வெப்பநிலையில் பருகினால் திகட்டும். ஆக, நாங்கள் ஒப்பிட்டது இரண்டு பானங்களை அல்ல. குளிர்ந்த பானத்தையும் வெதுவெதுப்பான பானத்தையும்தான்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. அந்தச் சுருக்கென்ற உணர்வு குமிழிகள் நாக்கில் வெடிப்பதால் வருவதாகவே பலரும் நினைக்கிறோம். அழுத்தம் கூடிய அறைக்குள், குமிழிகள் தோன்ற முடியாத நிலையில், ஆய்வாளர்கள் சிலரைக் குளிர்பானம் பருகச் செய்தார்கள். அப்போதும் அந்தச் சுருக்கு இருந்தது. காரணம் வேதியியல். கரிவளி நம் வாயிலுள்ள நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாக மாறுகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியம் அந்த மாற்றத்தை விரைவாக்குகிறது. அந்த அமிலம்தான் நரம்பைச் சீண்டுகிறது.

பாட்டியின் தைலமும் C₈H₈O₃-உம்

இப்போது அந்த மாணவியின் 3 மதிப்பெண்ணுக்கு வருவோம். அவள் சொன்னது சிரிக்க வேண்டிய விஷயமா?

நாக்கு உணரும் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்துதான். "வெண்ணிலா சுவை", "சார்சி சுவை" என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் மணம். பானத்தை விழுங்கும்போது அதன் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூளை அதை நாக்கின் சுவை என்று எண்ணிக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ரூட் பியரைப் பருகினால் இனிப்பும் சுருக்கும் மட்டுமே தெரியும். கோலாவா சார்சியா என்று பிரித்துச் சொல்லத் திணறிப்போவீர்கள்.

ரூட் பியரின் பழைய மணம் சசாஃபிராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. அதிலுள்ள சாஃப்ரோல் என்ற பொருள் ஆய்வக எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியதால், 1960இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அதன்பிறகு தயாரிப்பாளர்கள் வேறு மணப்பொருள்களைக் கலந்து அந்தச் சுவையைக் கொண்டுவருகிறார்கள். இந்த வகைப் பானங்களில் மெந்தால் போன்ற அந்தக் குளுகுளு மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் மெத்தில் சாலிசிலேட். விண்டர்கிரீன் என்ற செடியின் இலையில் இயற்கையாக உள்ள பொருள் அது.

இப்போது வீட்டில் கோடாலித் தைலப் போத்தல் இருந்தால் அதன் அட்டையை எடுத்துப் படியுங்கள். மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், அவற்றோடு மெத்தில் சாலிசிலேட்! தசைவலிக்குத் தேய்க்கும் களிம்புகள் பலவற்றிலும் இதே பொருள்தான். வகுப்பில் நாங்கள் சிரித்த அந்த மாணவியின் மூக்கு ஒரு வேதிப்பொருளைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறது. அட்டையைப் படிக்காமல், ஆய்வுக் கருவி எதுவும் இல்லாமல்!

அதிலிருந்து இன்னும் சுவையான ஒன்று கிடைத்தது. மெத்தில் சாலிசிலேட்டின் மூலக்கூற்று வாய்பாடு C₈H₈O₃. ஏ அண்ட் டபிள்யூவில் முன்னே நிற்கும் வெண்ணிலா மணத்துக்குரிய வனிலின் என்ற பொருளின் வாய்பாடு என்ன? அதுவும் C₈H₈O₃. நம் வீட்டு நன்னாரி சர்பத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருள் ஒன்று உண்டு. அதன் வாய்பாடும் C₈H₈O₃ தான். கணக்கிட்டுப் பாருங்கள், மூன்றின் சார்பு மூலக்கூற்றுப் பொருண்மையும் 152.

எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். அணுக்கள் ஒன்றே. அவை இணைந்திருக்கும் இடம்தான் வேறு. வனிலினுக்கும் நன்னாரி மணப்பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வளையத்தில் இரண்டு சிறு தொகுதிகள் எந்த மூலையில் நிற்கின்றன என்பது மட்டும்தான். மாற்றியம், அதாவது ஐசோமர், என்று வேதியியல் வகுப்பில் படிக்கிறோமே, அதை மூக்கு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறது. நன்னாரியை ஆங்கிலத்தில் 'இந்திய சார்சபரில்லா' என்று அழைப்பார்கள். தாவரவியலில் அதற்கும் அமெரிக்கச் சார்சபரில்லாவுக்கும் உறவில்லை. மணத்தின் ஒற்றுமையால் வந்த பெயர் அது.

ஓர் எச்சரிக்கை. பானத்தில் உள்ள அளவு மிகச் சிறியது. ஆனால் தூய விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறக்குறைய 7 கிராம் சாலிசிலேட்டுக்குச் சமம். இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்குவது போன்றது. குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. மணம் ஒன்று என்பதால் தைலமும் பானமும் ஒன்றாகிவிடாது. தைலப் போத்தலைத் தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் சுற்று

அடுத்த வாரம் மீண்டும் அமர்ந்தோம். இம்முறை இரு பானங்களும் ஒரே ஐஸ் பெட்டியில் ஒரே நேரம் வைக்கப்பட்டன. சோதனையில் பங்கேற்காத ஒரு மாணவர் வகுப்புக்கு வெளியே ஒரே மாதிரிக் காகிதக் குவளைகளில் 30 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினார். குவளைகளில் பெயர் இல்லை. 417, 852 என்பன போன்ற மூன்று இலக்க எண்கள் மட்டுமே. 'அ', 'ஆ' என்று எழுதினால் 'அ' தான் சிறந்தது என்று மனம் சாய்ந்துவிடும். பாதிப் பேருக்கு ஒரு பானம் முதலில், மீதிப் பேருக்கு மற்றது முதலில். இடையே வெறும் பிஸ்கட்டும் நீரும். யாரும் பேசக்கூடாது. அழிப்பானுக்கும் தடை.

மதிப்பெண் தாளில் ஐந்து கூறுகள்: மணம், இனிப்பு, சுருக்கு, நுரை, பின்சுவை. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். மொத்தம் 10.

என் தாள் இப்படி இருந்தது. ஒரு குவளைக்கு மணம் 2, இனிப்பு 1, சுருக்கு 1, நுரை 1, பின்சுவை 2. ஆக மொத்தம் 7. மற்றொரு குவளைக்கு 6. எண்ணை அவிழ்த்துப் பார்த்தபோது 7 பெற்றது ஏ அண்ட் டபிள்யூ. போன வாரம் 9க்கும் 4க்கும் இடையே இருந்த ஐந்து மதிப்பெண் இடைவெளி இந்த வாரம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மீதி நான்கும் எங்கே போயின? ஐஸ் பெட்டிக்கும், பெயருக்கும், அப்பாவோடு போன வார இறுதிகளுக்கும் நான் கொடுத்த மதிப்பெண்கள் அவை.

பிற மாணவர்களின் எண்களும் இடம்பெயர்ந்தன. கூடியவை சில, குறைந்தவை சில. ஒருத்தியின் எண் மட்டும் அசையவில்லை. மணம் 0, இனிப்பு 1, சுருக்கு 1, நுரை 1, பின்சுவை 0. மொத்தம் 3. பெயர் தெரிந்தபோதும் 3, தெரியாதபோதும் 3. முதல் வாரம் அவள் அந்த எண்ணை அழித்து 8 போட்டிருந்தால், எங்கள் தரவுகளிலேயே மிகவும் நம்பகமான ஒன்றை இழந்திருப்போம்.

அவளுடைய 3 தவறா, என்னுடைய 7 தவறா? இரண்டும் இல்லை. இருவரும் ஒரே மூலக்கூற்றைத்தான் முகர்ந்தோம். எனக்கு அது பனிக் குவளையை நினைவூட்டுகிறது. அவளுக்குப் பாட்டியின் கால் வலியை நினைவூட்டுகிறது. அமெரிக்காவில் இதே மணம் சூயிங்கம்மிலும் மிட்டாயிலும் வருவதால் அங்குள்ள குழந்தைகளுக்கு அது இனிப்புப் பண்டத்தின் மணம்.

போத்தலா, டின்னா?

"டின்னில் குடித்தால்தான் சுவை, போத்தலில் வேறு மாதிரி இருக்கும்" என்று ஒரு மாணவர் வாதிட்டார். அதையும் சோதித்தோம். ஒவ்வொருவருக்கும் மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை முக்கோணச் சோதனை என்பார்கள். உணவுத் தொழிலில் நாள்தோறும் நடப்பது.

12 பேரில் 7 பேர் சரியாகச் சொன்னார்கள். "பாருங்க சார், பாதிக்கு மேல்!" என்று அந்த மாணவர் துள்ளினார். அவசரப்படக் கூடாது. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர், அதாவது 12இல் 4 பேர், சரியாகச் சொல்லிவிடுவார்கள். வெறும் ஊகத்தால் 7 அல்லது அதற்கு மேல் கிடைக்கும் நிகழ்தகவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 6.6 விழுக்காடு. அறிவியலில் வழக்கமாக வைக்கும் எல்லை 5 விழுக்காடு. 8 பேர் சரியாகச் சொல்லியிருந்தால் நிகழ்தகவு 2 விழுக்காட்டுக்கும் கீழே போயிருக்கும். ஒரே ஓர் ஆள் குறை!

ஆகவே வேறுபாடு இருக்கிறது என்று நாங்கள் நிறுவவில்லை. இல்லை என்றும் நிறுவவில்லை. இருக்க வாய்ப்புண்டு, ஏனெனில் பிளாஸ்டிக் போத்தலின் சுவர் வழியாகக் கரிவளி மிக மெதுவாகக் கசியும். அலுமினிய டின்னில் அப்படிக் கசியாது. கூடுதல் ஆட்களைக் கொண்டு மீண்டும் செய்ய வேண்டும். "இன்னும் தெரியவில்லை" என்பதும் அறிவியலில் மதிப்புள்ள ஒரு முடிவுதான்.

நுரையும் பனிக் குவளையும்

என் தாளில் நுரைக்கும் சுருக்குக்கும் ஒவ்வொரு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் போத்தல் அல்ல, காகிதக் குவளை. குமிழி உருவாகத் தொடங்க ஒரு சொரசொரப்பான புள்ளி வேண்டும். உறைந்த குவளையின் உட்சுவரில் படிந்த நுண்ணிய பனித்துகள்கள் அதற்கு ஏற்ற இடம். ஊற்றியதும் நுரை பொங்கும். அதே நேரம் குவளையின் குளிர் பானத்தின் உள்ளே கரிவளியைப் பிடித்துவைக்கும். சார்சியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் குபீரென்று பொங்குவதும் இதே காரணத்தால்தான். உப்பு வாயுவை உருவாக்குவதில்லை. ஏற்கனவே கரைந்திருக்கும் வாயுவுக்கு வெளியேற வழி காட்டுகிறது.

நுரை நிலைத்து நிற்கப் பல ரூட் பியர்களில் குயில்லாயா என்ற தென் அமெரிக்க மரப்பட்டைச் சாற்றைச் சேர்ப்பார்கள். அதிலுள்ள பொருள் சப்போனின். நம் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதும் சப்போனினால்தான்.

டிரைவ்-இன் கடையிலிருந்து போத்தலுக்கு வந்தபோது பானம் தன்னோடு திரவத்தை மட்டுமே கொண்டுவந்தது. குவளையைக் கொண்டுவர முடியவில்லை. வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் அரை மணி நேரம் வைத்து, அதில் ஊற்றிப் பார்த்தேன். சுருக்கு 2, நுரை 2. மொத்தம் 9 வந்துவிட்டது. ஆனால் இம்முறை அந்த ஒன்பதுக்குக் காரணம் சொல்ல முடிகிறது.

அட்டையின் பின்புறம்

மதிப்பெண் தாளில் நாங்கள் சேர்க்காத ஒரு கூறு சர்க்கரை. போத்தலைத் திருப்பி '100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம்' என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக 10 கிராம் என்றால், 500 மில்லிலிட்டர் போத்தலில் 50 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று கொண்டால் பத்துத் தேக்கரண்டி! நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மலேசியாவில் 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள இத்தகைய பானங்களுக்கு வரி விதிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதி முதல் 'ஏ' தொடங்கி 'டி' வரை தரக்குறியீடு வந்திருக்கிறது. அதுவும் ஒரு மதிப்பெண்தான். நாக்கு போடாத மதிப்பெண். எங்கள் சோதனையில் ஒருவருக்கு 30 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்

1. பெற்றோரின் அனுமதி பெறுங்கள். நீரிழிவு, ஒவ்வாமை உள்ளவர்களைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

2. இரண்டு பானங்களை ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் குளிர வையுங்கள். ஒரே அளவு, ஒரே மாதிரிக் குவளை.

3. ஊற்றுபவர் வேறு, ருசிப்பவர் வேறு. குவளையில் மூன்று இலக்க எண் மட்டும்.

4. முதல் மிடறு மூக்கைப் பொத்தி, இரண்டாம் மிடறு மூக்கைத் திறந்து. வேறுபாட்டை எழுதுங்கள்.

5. பேனாவால் எழுதுங்கள். எல்லாரும் எழுதி முடித்த பிறகே பேசுங்கள்.

சிந்தியுங்கள்

முக்கோணச் சோதனையில் ஒருவர் தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் சொல்கிறார். அது வெறும் ஊகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

நன்னாரி சர்பத்தையும் சார்சியையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்தால் எந்தக் கூறுகளில் ஒத்திருக்கும், எவற்றில் வேறுபடும்?

அந்த மாணவியின் முதல் வாரத் தாளை அறிவியல் கழகத்தின் கோப்பில் வைத்திருக்கிறேன். 3 என்ற எண் பாதி அழிந்த நிலையில் இருக்கிறது. அதன் மேல் அவள் பேனாவால் மீண்டும் 3 என்றே எழுதியிருக்கிறாள். அடுத்த தவணையில் சுவைச் சோதனையை நடத்தப் போவது அவள்தான். ஐஸ் பெட்டிக்குப் பொறுப்பும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.